பினியன் சாய்வும் மாமியார் எடையும்

மாமியாரின் எடை என்ன என்று எந்த மாப்பிள்ளையாவது வாய்விட்டுக் கேட்டதுண்டா? அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பெரிய கும்பிடு போடலாம். இந்த மெக்கானிக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் ஓர் உயிர் போகப் பார்த்தது. மரியாதையால்கூட உயிர் போகும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அவனே நம்பியிருக்க மாட்டான்.

மாமியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேர ஓட்டம். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. வாடகைக் கார் எதிலும் ஏற முடியாது, ஏற்றினாலும் இறக்க முடியாது. மெக்கானிக்கின் பழைய நீளமான காரில்தான் பின்கதவை அகலத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்கி உள்ளே வைத்துப் போக முடியும். ஓட்டுவது மெக்கானிக். பின்சீட்டில் மாமியார். பக்கத்தில் அவர் மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி. மாமியார் உயிரோடு இருப்பது டயாலிசிஸ் இயந்திரத்தால் என்றால், இயந்திரம் வரைக்கும் போய்ச் சேர்வது இந்தக் காரால்.

அந்த வீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, எல்லாம் மரியாதைதான். மரியாதை முற்றினால் இப்படி ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே அறையில் இரண்டடி தூரத்தில் இருப்பார்கள். "மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு" என்பார் மாமியார். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பான் இவன். நடுவில் உட்கார்ந்திருக்கும் மனைவி, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்லி முடிப்பாள். பழகிவிட்டது.

வினை ஆரம்பித்தது ஒரு நல்ல காரியத்தில். காரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வயசாகித் தளர்ந்துவிட்டன. ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் பின்சீட்டைத் தூக்கிப் போட்டது. மாமியார் வாயே திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கை மேலே இருந்த பிடியை இறுக்கிப் பிடித்ததை மெக்கானிக் கண்ணாடியில் பார்த்தான். மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தான். பின்பக்கம் ஜம்மென்று நிமிர்ந்தது. பள்ளத்தில் போட்டால் பஞ்சு மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. அவனுக்கே அவன் மேல் ஒரு பெருமிதம்.

பெருமிதம் நெடுஞ்சாலை வரைக்கும்தான். வேகம் ஐம்பதைத் தொட்டதும் தரைக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பியது. சீட்டுக்குக் கீழே யாரோ விடாமல் மாவரைக்கிற மாதிரி. எழுபதைத் தாண்டினால்தான் அடங்கும். எழுபதுக்கு மேல் அந்தப் பழைய காரை ஓட்டினால் அதுவே ஆபத்து. ஐம்பதுக்குக் கீழேயே ஓட்டிப் பார்த்தான். லாரிக்காரர்கள் பின்னால் நின்று ஹாரன் அடித்தே கொன்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாமியாருக்கென்று ஒதுக்கிய இயந்திரத்தை வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு மாலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதிர்வு மற்றவர்களுக்குத் தொந்தரவு, மாமியாருக்கு வதை. போகும்போது வாந்தி. வரும்போது ஊசி குத்திய கை விண்விண் என்று தெறிக்கும். இருந்தும் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே, அவர் நல்லதுக்குத்தான் செஞ்சார்." அதுவும் மகள் வழியாகத்தான் வந்தது.

பட்டறைக்குப் பக்கத்தில் டயர்க்கடை வைத்திருப்பவரை எல்லாரும் பஞ்சர் என்றே கூப்பிடுவார்கள். தொழிலுக்காக வந்த பேர் மட்டுமில்லை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் எந்தப் பேச்சிலும் ஓர் ஆணியைச் சொருகிவிடுவார். அவர் நாலு சக்கரத்தையும் கழற்றிச் சமன் பார்த்துக் கொடுத்தார். அதிர்வு நிற்கவில்லை. மெக்கானிக் காருக்கு அடியில் ஓடும் ஷாஃப்டின் இரண்டு ஜாயின்ட்களையும் புதுசு மாற்றினான். நிற்கவில்லை. "கூட ஒரு பட்டை போட்ட அன்னிலேர்ந்துதானே ஆடுது? அப்புறம் டயரை ஏன்யா சந்தேகப்படுற" என்று பஞ்சர் கேட்டார். ஆணிதான், ஆனால் சரியான இடத்தில் இறங்கியது.

அதன் பிறகுதான் மெக்கானிக்குக்குப் புத்தி வந்தது. விஷயம் சிக்கலானது இல்லை. எஞ்சினின் சக்தி கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின்னால் அச்சுக்குப் போகிறது. அச்சிலிருந்து முன்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்பது பினியன். கியர்பாக்ஸ் பின்னால் எவ்வளவு கீழே சாய்ந்திருக்கிறதோ, பினியன் மூக்கு அவ்வளவு மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்டின் ஒரு முனையில் வரும் துள்ளலை மறு முனை சரிக்கட்டும். வண்டி இழுக்கும்போது மூக்கு கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், அதனால் நிற்கும்போது ஒரு நூல் குறைவாக வைப்பார்கள். இவன் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கியதில் எல்லாச் சாய்வும் மாறிப்போயிற்று. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரே கம்பியில் கட்டிச் சுழற்றினால் ஆடாமல் என்ன செய்யும்?

சரி செய்யும் வழியும் அவனுக்குத் தெரியும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு செருகி மூக்கைத் தேவையான அளவு திருப்ப வேண்டும். லேத் வைத்திருக்கும் கடைசல்காரரிடம் சொல்லி வெவ்வேறு தடிமனில் ஆப்புகள் செய்து வாங்கினான். "மாமியாருக்கு ஆப்பு வைக்கப் போறான்" என்று பஞ்சர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அளவெடுப்பதில் ஒரு முறை உண்டு. ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் அச்சு தொங்கும், கணக்கு தப்பாகும். வண்டி தன் காலில் நிற்க வேண்டும். வழக்கமாக ஏறுகிற பாரமும் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கார் வேறு எங்கேயும் போவதில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. ஆக, பின்சீட்டில் மாமியாரும் மனைவியும் உட்கார்ந்திருக்கிற பாரம் வேண்டும். அவர்களைக் கூட்டி வந்து பட்டறையில் உட்கார வைப்பதாவது? அந்த நினைப்பே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மணல் மூட்டை வைத்துவிடலாம் என்று முடிவு செய்தான். எத்தனை கிலோ மணல்? அங்கேதான் தடுமாறினான்.

சமையலறையில் மனைவியிடம் மெதுவாகக் கேட்டான். "அம்மா எவ்ளோ இருப்பாங்க?"

"எவ்ளோன்னா?"

"எடை."

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எதுக்கு?"

"மணல் மூட்டை வைக்கணும். அவங்களுக்குப் பதிலா."

"எங்கம்மாவுக்குப் பதிலா மணல் மூட்டையா? நல்லாருக்கு. அறுபது இருப்பாங்க."

அறுபது இல்லை என்று பார்வை உள்ள எவருக்கும் தெரியும். மெக்கானிக்குக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. "சரி. நீ?" என்றான். "ஐம்பது" என்றாள் கண்ணை இமைக்காமல். அதையும் மென்று விழுங்கினான். நூற்றுப் பத்து கிலோ மணலைப் பின்சீட்டில் ஏற்றி, சக்கர நாற்காலியையும் ஆஸ்பத்திரிப் பையையும் பின்னால் வைத்து, காரைப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்தினான். குழிக்குள் இறங்கி, காந்தம் வைத்த கோணமானியைக் கியர்பாக்ஸில் ஒட்டினான், ஷாஃப்டில் ஒட்டினான், பினியன் முகத்தில் ஒட்டினான். ஆப்பு தேர்ந்தெடுத்துச் செருகினான். அளவு கனகச்சிதமாக வந்தது. பொய்யான பாரத்துக்கு எத்தனை கச்சிதமாக வைத்து என்ன பிரயோசனம்?

அடுத்த திங்கட்கிழமைப் பயணத்தில் அதன் சாயம் வெளுத்துப்போயிற்று. அதிர்வு குறைந்திருந்தது. ஆனால் போகவில்லை. முன்னே பல் ஆடியது, இப்போது வயிறு ஆடியது. மாமியார் இரண்டு தடவை காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, மகளைக் கூப்பிட்டு, சண்டையோ அழுகையோ இல்லாமல் சொன்னார். "இனிமே நான் வரலை. போதும்."

புதன்கிழமை போகவில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் அசையவில்லை. வியாழக்கிழமை காலை அவர் பாதங்கள் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போனில் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமையும் வரலைன்னா அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று பட்டென்று சொல்லிவிட்டு வைத்தார். மெக்கானிக் அன்றைக்கு எந்த வேலையையும் தொடவில்லை. ஒருத்தர் கிளட்ச் மாற்ற வந்தார், நாளன்னிக்கு வாங்க என்று அனுப்பிவிட்டான்.

வியாழன் சாயங்காலம் சமையலறையில் கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த அறையில் மாமியார் படுத்திருந்தார்.

"கணக்குல தப்பே இல்லை" என்றான். "நூத்திப் பத்து கிலோ வச்சு, ஒரு மயிரிழைகூட விலகாம வச்சேன். ஏன் ஆடுதுன்னே புரியலை. பட்டையைக் கழட்டிடலாம்னா பழையபடி தூக்கிப் போடும்."

மனைவி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மா அறுபது இல்லைங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் அறுபது வச்சீங்க?"

"நீ சொன்னே."

"நான் சொன்னா வச்சிடுவீங்களா? எனக்குமே எவ்ளோன்னு சரியாத் தெரியாதுன்னு வச்சுக்கலாம், உங்களுக்குத் தெரியாதா? வாரத்துக்கு மூணு தடவை இயந்திரத்துல போடுறதுக்கு முன்னாடி எடை பாத்து, அந்த நர்ஸ் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறாங்களே?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க எடை மேல ஏறுறப்ப நான் வெளிய போயிடுவேன். வாசல்ல ஒரு படம் ஒட்டியிருக்கும், கை கழுவுற விதம்னு. அதைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"இத்தனை நாளாவா?"

"கேக்கக் கூடாதுல்ல."

மனைவிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நானும் ஐம்பது இல்லைங்க" என்றாள், சேர்ந்தாற்போல. அதுவும் தெரியும் என்று சொல்லாமலிருக்கும் புத்தி மட்டும் அவனுக்கு இருந்தது.

அந்த நேரத்தில் அடுத்த அறையிலிருந்து சிரிப்பு கேட்டது. இருமலும் சிரிப்புமாக, மூச்சு வாங்க வாங்க, நிறுத்த முடியாத சிரிப்பு. இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு" என்றார் மகளிடம். "காலையில என்னை வண்டியில ஏத்திக் குழி மேல நிறுத்தச் சொல்லு. மூட்டை எதுக்கு? ஆளே இருக்கேன்."

மறுநாள் காலை பட்டறையில் வேறு வண்டியே இல்லை, மெக்கானிக் எல்லாவற்றையும் தெருவில் நிறுத்தியிருந்தான். குழியின் இரண்டு விளிம்பிலும் சக்கரங்கள் சரியாக நிற்கும்படி காரை ஓட்டி வந்து நிறுத்தினான். காரின் கதவுகளை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்து வைத்தான். மாமியார் பின்சீட்டில், தன் வழக்கமான இடத்தில். பக்கத்தில் மனைவி. விடிய விடிய அம்மாவின் மூச்சு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், சீட்டில் சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். பஞ்சர் தலையை நீட்டி, "டீ சொல்லட்டுமா அம்மா" என்றார். "தண்ணியே அளந்துதான் குடிக்கிறேன் தம்பி, நீங்க குடிங்க" என்றார் மாமியார். பஞ்சர் சொருக ஆணி ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்.

மெக்கானிக் விளக்கை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். தலைக்கு மேலே கார். கோணமானியைக் கியர்பாக்ஸில் ஒட்டினான். முள் ஆடிக்கொண்டே இருந்தது.

மேலே மாமியார் காலை நகர்த்தி உட்கார்ந்துகொண்டிருந்தார். அசையாமல் இருக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்லிச் சொல்வது? நடுவில் இருக்க வேண்டியவள் தூங்குகிறாள். தொண்டையைச் செருமினான்.

"மாப்பிள்ளை" என்று மேலிருந்து குரல் வந்தது. "கீழ இருக்கீங்களா?"

அவர் தன்னை நேராகக் கூப்பிடுவது அவனுக்கு உறைக்கவே ஒரு நொடி ஆயிற்று. "இருக்கேன் அத்தை."

"அவ தூங்குறா. மெதுவாப் பேசுங்க."

"சரி அத்தை. கொஞ்சம் அசையாம இருந்தீங்கன்னா அளந்துடுவேன்."

கார் கல்லாகிவிட்டது. முள் நின்றது. அவன் அளவைப் பார்த்தான், சாக்பீஸால் குழிச் சுவரில் எழுதினான், பினியனுக்கு நகர்ந்தான். மேலே சத்தமே இல்லை.

"மூச்சு விடலாம் அத்தை."

நீளமாக ஒரு மூச்சு இறங்குவது கேட்டது. "முன்னாடியே சொல்லக் கூடாதா" என்றார். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடன் பேசிச் சிரிப்பது இது முதல் தடவை. அவன் முகம் அவருக்குத் தெரியவில்லை, அவர் முகம் இவனுக்குத் தெரியவில்லை. தலைக்கு மேல் இரும்புத் தரை ஒன்று குறுக்கே இருந்ததால் நாக்கு தானாக அவிழ்ந்தது.

அளவுகள் பளிச்சென்று கதையைச் சொல்லின. உண்மையான பாரத்தில் கார் பின்னால் நன்றாகவே இறங்கியிருந்தது. கியர்பாக்ஸ் முன்பு காட்டியதைவிடக் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. பினியனும் தன் பங்குக்குக் கொஞ்சம் குனிந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் முழுசாக இரண்டு டிகிரி. அவன் மரியாதைக்காக விழுங்கிய எடையெல்லாம் அந்த இரண்டு டிகிரியில் இருந்தது.

"கிடைச்சுதா?" என்றார் மாமியார்.

"கிடைச்சுது அத்தை. நான்தான் முட்டாள். கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"கேட்டிருந்தா நானும் அறுபதுன்னுதான் சொல்லியிருப்பேன்." மடங்காத காலை மெதுவாக நகர்த்தினார். "எனக்கு ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியில என் உடம்பு தண்ணியை இறக்கிடுறாங்க. போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. நீங்க எதுக்கு வைப்பீங்க?"

"ரெண்டு மூணு கிலோவுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை. போகும்போதுக்கே வச்சிடுறேன். வரும்போது நீங்க தூங்கிடுவீங்க."

"ம்." பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது. "மாப்பிள்ளை, ஆட்டம் தாங்க முடியலைன்னுதான் வரலைன்னேன். அது பாதிதான். நீங்க ஓட்டுறப்ப நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில என்னைப் பாக்குறீங்க. எனக்கு வலிக்கறப்பல்லாம் உங்க முகம் சுருங்கிப் போகுது. ஒரு கிழவிக்காக ரெண்டு பேர் நோகணுமான்னு தோணுச்சு. என்னாலதான் இவ்வளவும்னு தோணுச்சு."

அவன் கோணமானியைப் பிடித்தபடி நின்றான். மேலே இருந்து எண்ணெய்ச் சொட்டு ஒன்று அவன் தோளில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"கல்யாணமான புதுசுல எனக்குக் கை வெந்துச்சு, ஞாபகம் இருக்கா அத்தை?" என்றான். "ரேடியேட்டர் மூடி தெறிச்சு. வலது கை முழுக்கக் கட்டு."

"இருக்கு."

"யார் ஊட்டிவிட்டாலும் எனக்குப் பிடிக்கலை. இவ வந்தாலும் கோபப்படுவேன். நீங்க தினமும் சாப்பாட்டைப் பிசைஞ்சு, சின்னச் சின்னதா ஆக்கி, ஒரு ஸ்பூனைப் போட்டு வச்சிட்டு, அந்தப் பக்கம் போயிடுவீங்க. நான் இடது கையால அள்ளிச் சாப்பிடுறதை நீங்க ஒரு நாளும் பாத்ததில்லை. எனக்கு வெக்கமா இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. எங்கம்மா இருந்திருந்தாலும் அவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க. உக்காந்து ஊட்டி, ஊரைக் கூட்டியிருப்பாங்க." விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அதுக்கு நான் உங்களுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போ சொல்றேன் அத்தை. ரொம்ப நன்றி."

நன்றி என்ற சொல் அந்தக் குடும்பத்தில் புழங்குவதில்லை. மேடையில் மைக் பிடித்தவர்கள் சொல்வது. வீட்டுக்குள் சொன்னால் பிரிந்து போகிற மாதிரி இருக்கும் என்று யாரும் அதை எடுப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, குழிக்குள்ளிருந்து அது மேலே போனதும் சீட் கிறீச்சிட்டது, மாமியார் நகர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் பட்டறையைப் பூட்டிட்டு வர்றீங்க" என்றார். "ஒரு தடவை கூட நீங்க கடியாரத்தைப் பாத்து நான் பாத்ததில்லை. நான் பெத்த பிள்ளை இருந்திருந்தா பாத்திருப்பான். எனக்கும்தான் சொல்ல வாய் வரலை. நான்தான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன். நன்றி மாப்பிள்ளை. சொல்லிட்டேன். இவ எழுந்தா இதையெல்லாம் சொல்லாதீங்க, கிண்டல் பண்ணுவா."

அவன் குழிச் சுவரில் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் கொஞ்சம் கண்ணீர் வந்தது.

ஆப்பு மாற்ற வேண்டுமானால் காரைத் தூக்க வேண்டும், ஆட்கள் இறங்க வேண்டும். மனைவியை எழுப்பினார்கள். மாமியார் பஞ்சர் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய பாதங்களை ஒரு பழைய டயர் மேல் வைத்துக்கொண்டார். மெக்கானிக் அச்சைப் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்களைத் தளர்த்தினான். ஜாக்கியால் தூக்கி, பழைய ஆப்பை உருவி, தடித்த ஆப்பைச் சரியான பக்கம் பார்த்துச் செருகினான். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒரே அளவுக்கு முடுக்கினான். பஞ்சர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடியே, "இதுவும் ஆடினா?" என்றார். "ஆடினா நீங்கதான் எங்களைத் தோள்ல தூக்கிட்டுப் போகணும்" என்றார் மாமியார். பஞ்சர் முகத்தில் ஈயாடவில்லை. முதல் தடவையாக அவருக்கே ஓர் ஆணி.

மறுபடி ஏற்றி, மறுபடி அளந்தான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, இழுப்புக்கு ஒரு நூல் விட்டு. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மாமியார் மூச்சு விடுகிற சத்தம் முன்னைவிடக் கனத்திருந்தது. பட்டறை வாசலிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சோதனை ஓட்டம் என்று தனியாக ஒன்று வைக்க நேரமில்லை. ஆடினால் மாமியார் இன்னொரு முறை இந்தக் காரில் ஏற மாட்டார். அது மூன்று பேருக்கும் தெரியும்.

நெடுஞ்சாலை ஏறினார்கள். நாற்பது. நாற்பத்தைந்து. மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வந்தது. மெக்கானிக் காலடியில் கவனத்தை வைத்துக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ஐம்பத்தைந்து. டயர் ரோட்டில் ஓடும் சத்தம், ஜன்னலில் காற்று, அவ்வளவுதான். அறுபது. அறுபத்தைந்து. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் குறைத்துப் பார்த்தான், மறுபடி அழுத்தினான். எழுபது. கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கியர் கம்பி கூட நடுங்கவில்லை.

பழக்க தோஷம், கண்ணாடியைப் பார்த்தான். மாமியார் பிடியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. ஜன்னல் வழியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாலம் எப்போ கட்டினாங்க?" என்று கேட்டார்.

"அது கட்டி எட்டு மாசம் ஆச்சும்மா" என்றாள் மகள். "நாம ஒவ்வொரு தடவையும் இதைத் தாண்டித்தானே போறோம்."

"நான் எங்க பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டுல்ல வருவேன்."

அதற்குப் பிறகு அவர் பேசிக்கொண்டே வந்தார். புதுசாக வந்திருக்கும் மரக்கடையைப் பற்றி, பக்கத்துப் பாதையில் சைக்கிளில் மூட்டை கட்டிப் போனவனைப் பற்றி, வானம் மழைக்கு இருட்டுகிறது என்பதைப் பற்றி. மூச்சு வாங்கும்போது நிறுத்தினார், வாங்கியதும் விட்ட இடத்தில் தொடங்கினார். வாந்தி வரவில்லை. காரை எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டடம் தூரத்தில் தெரிந்தபோது பேச்சை நிறுத்தினார். மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மகளை விட்டுவிட்டு, முன்சீட்டைப் பார்த்தே கேட்டார்.

"மாப்பிள்ளை, இன்னும் எத்தனை நாளைக்கு என்னை இப்படிக் கூட்டிட்டு வருவீங்க?"

மனைவி திடுக்கிட்டு அம்மாவையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். நடுவில் தான் எதையாவது சொல்ல வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை.

மெக்கானிக் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னான். "நீங்க வர்ற வரைக்கும் அத்தை."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்போ வர்றேன்" என்றார்.

மெக்கானிக் வேகத்தைக் குறைத்து, கையைக் காட்டி, ஆஸ்பத்திரி வாசலுக்குள் காரைத் திருப்பினான்.